கைதோடு முடிந்துபோகிற கோபம்: ஷார்ட்ஸ் செய்தி நம்மை எங்கே நிறுத்துகிறது?

ஒரு கொடுமை நடக்கிறது, வீடியோ வெளியாகிறது, ஊரே கொதிக்கிறது, ஒரு வாரத்தில் பேச்சே இல்லை. "நம்ம ஜனங்களுக்கு மறதி ஜாஸ்தி" என்று எல்லோரும் இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு அந்தக் காரணம் ஒத்துவரவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய சினிமா காமெடியை வரி பிசகாமல் ஒப்பிக்கிற ஜனங்களுக்கு மறதி என்று எப்படிச் சொல்வது? நம் கோபம் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பது, பல நேரம், அந்தச் செய்தியை நமக்கு முதல் தடவை காட்டிய விதத்திலேயே முடிவாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள ஊடகப் படிப்பில் ஒரு கருத்து இருக்கிறது, ஃபிரேமிங் என்பார்கள், தமிழில் சட்டகம் என்று எழுதுகிறார்கள். பெயர்தான் கொஞ்சம் மிரட்டும், விஷயம் எளிது.

நடந்த ஒரு சம்பவத்தில் ஆயிரம் விவரங்கள் இருக்கும். அதில் சிலதை மட்டும் எடுத்து முன்னால் வைத்து, மற்றதை வெளியே விட்டுவிட்டால், பார்க்கிறவர் மனதில் நாலு கேள்விக்குத் தானாகவே பதில் விழுந்துவிடும்: இதில் என்ன பிரச்சினை, யார் காரணம், இது எவ்வளவு பெரிய தப்பு, என்ன செய்தால் சரியாகும். அமெரிக்க ஊடக ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1993இல் சட்டகத்துக்குக் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான். பொய் சொல்லவே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே உண்மையாக இருக்கலாம், எங்கே ஆரம்பித்து எங்கே வெட்டினார்கள் என்பதில்தான் வேலை நடக்கிறது.

மாவுக்கட்டு வீடியோக்களை எடுத்துக்கொள்வோம், பார்க்காதவர்கள் குறைவு. முதல் நாலு செகண்ட், ஒரு பையன் கத்தியைச் சுழற்றி யாரையோ மிரட்டுகிறான். கட். அதே பையன் கையில் மாவுக்கட்டோடு தலையைக் குனிந்து நிற்கிறான், "போலீசைப் பார்த்துத் தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார்" என்று வாய்ஸ் ஓவர், பின்னால் மாஸ் பிஜிஎம். முடிந்தது. கமெண்ட் பகுதி முழுக்கச் சிரிப்பும் தீ எமோஜியும். போலீஸ் பிடியில் இருந்த ஒருவரின் கை எப்படி உடைந்தது என்ற கேள்விக்கு அந்த வீடியோவில் இடமே இல்லை, ஏனென்றால் அது கத்தியில் ஆரம்பித்து கட்டில் முடிகிறது, குற்றம் நடந்தது தண்டனை கிடைத்தது, கணக்கு நேர். அதே கையை முதல் காட்சியாக வைத்து, அவனுடைய அம்மா அழுவதை இரண்டாவதாக வைத்து வெட்டியிருந்தால் நாம் பார்ப்பது வேறு செய்தி. போலீஸ் அடியில் இரண்டு பேர் செத்ததற்காகக் கொதித்து ஸ்டேட்டஸ் வைத்தவர்களே மாவுக்கட்டு வீடியோவுக்குச் சிரித்து ஸ்டேட்டஸ் வைத்ததை என் காண்டாக்ட் லிஸ்டிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் இரட்டை வேடக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வீடியோவும் அவர்களிடம் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்டன, அவ்வளவுதான்.

சரி, இது கோபம் ஆறுவதோடு எப்படிச் சேர்கிறது? அதற்கு இன்னொரு பெயர் வேண்டும், ஷாண்டோ ஐயங்கார். அமெரிக்காவில் அரசியல் தொடர்பியல் ஆராய்கிறவர். வறுமை, குற்றம், வேலையின்மை மாதிரியான விஷயங்களைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, "இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். முடிவுகள் 1991இல் நூலாக வந்தன. ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம் என்கிறார் அவர். ஒன்று, ஒரு ஆளையும் ஒரு சம்பவத்தையும் மட்டும் காட்டுவது. இதைச் சம்பவச் சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, அது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, அரசு என்ன செய்தது என்று விரித்துச் சொல்வது, இது பின்னணிச் சட்டகம். சம்பவமாகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பழியைத் தனி மனிதர்கள் மேல் போட்டார்கள், பின்னணியோடு பார்த்தவர்கள் அரசு, சமூகம் என்று கை நீட்டினார்கள். எல்லாத் தலைப்பிலும் ஒரே அளவில் இப்படி நடக்கவில்லை, ஆனால் போக்கு அதுதான்.

இதை ஷார்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். செங்குத்தான திரை, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், முதல் இரண்டு மூன்று செகண்டில் பிடிக்காவிட்டால் விரல் தள்ளிவிட்டுப் போய்விடும். அங்கே சம்பவம்தான் நிற்கும். பின்னணிக்கு முகம் கிடையாது, அழுகை கிடையாது, சிசிடிவி காட்சி கிடையாது. இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டாக் தடையானதும், அந்த இடத்தை இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் ஜூலையிலும் யூடியூப் ஷார்ட்ஸ் செப்டம்பரிலும் பிடிக்க வந்தன. அதற்குப் பிறகு செய்தி சேனல்களும் அதே அளவுக்குத் தங்கள் செய்தியை வெட்டக் கற்றுக்கொண்டன. ஷார்ட்ஸ் நீளத்தை 2024 அக்டோபரில் மூன்று நிமிடம் வரை கூட்டினார்கள், ஆனாலும் செய்தி வெட்டும் பழக்கம் பெரிதாக மாறினதாக எனக்குத் தெரியவில்லை.

தற்செயலாக, டிக்டாக் தடை அறிவிப்பு வந்த அதே வாரத்தில்தான் தமிழ்நாடு சாத்தான்குளத்துக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொல்ல வருவதற்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை, எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2020 ஜூன் 19, கொரோனா ஊரடங்கு. செல்போன் கடை நடத்திய தந்தையை, அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளம் போலீசார் பிடித்துப்போனார்கள், பின்னாலேயே போன மகனையும் காவல் நிலையத்தில் பிடித்துவைத்தார்கள். மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. மகன் 22ஆம் தேதி இரவு இறந்தார், தந்தை மறுநாள் அதிகாலை. கைதின்போது இருவரும் தரையில் புரண்டதில் காயம்பட்டதாக எஃப்ஐஆரில் எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கடை சிசிடிவியில் அப்படி எதுவும் இல்லை, அந்தச் சின்ன வீடியோ ஒன்றே போலீஸ் கதையை உடைத்துப் போட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறும்வீடியோவே கெடுதல் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். அந்தக் காட்சி இல்லையென்றால் எழுதிவைத்த எஃப்ஐஆரே உண்மை என்று ஃபைலில் தூங்கியிருக்கும்.

ஊருக்குள் கடையடைப்பும் போராட்டமும் உடனே வந்தன. தமிழ்நாட்டுக்கு வெளியே இது போய்ச் சேர்ந்தது ஒரு பின்னணிப் பாடகி ஆங்கிலத்தில் பேசி இன்ஸ்டாகிராமில் போட்ட வீடியோவால். தெற்கில் நடப்பதை ஆங்கிலத்தில் சொல்லாவிட்டால் அது தெற்கோடு நின்றுவிடுகிறது என்று ஆரம்பித்து, காவல் நிலையத்தில் நடந்ததாகக் கேள்விப்பட்டவற்றை வரிசையாகச் சொல்கிற வீடியோ. இந்திப் பட நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் பதிவு போட்டார்கள். அமெரிக்காவில் ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலை நடந்திருந்தது, உடனே "இந்தியாவின் ஜார்ஜ் ஃபிளாய்ட்" என்று ஒரு கேப்ஷன் ஒட்டிக்கொண்டது. இந்த கேப்ஷனும் ஒரு சட்டகம்தான். உலகத்துக்கு ஒரு வரியில் புரியவைத்தது, கூடவே கதையைக் கொடூரமான சில போலீஸ்காரர்கள், அப்பாவி இரண்டு பேர் என்று சுருக்கியும் கொடுத்தது. அப்படிச் சுருக்கின கதைக்கு ஒரே ஒரு முடிவுதான் பொருந்தும், அந்தப் போலீஸ்காரர்களைக் கைது செய்வது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, ஜூன் 19 இரவு காவல் நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார், ஜூலை 1 இரவு கைது தொடங்கியது. சாத்தான்குளத்தில் பட்டாசு வெடித்தார்கள். இரண்டு பேரைப் பறிகொடுத்த ஊர் அது, பட்டாசு வெடித்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போனில் பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் அதுவே 'வணக்கம்' போட்ட இடமாகிவிட்டது. "அதிரடி கைது" என்ற தம்ப்நெயில் வந்த பிறகு ஹேஷ்டேக் தளர்ந்தது, ஸ்டேட்டஸ்கள் மாறின.

அந்த நேரம் திறந்தே கிடந்த கேள்விகளைப் பாருங்கள். காயத்தோடு இருந்தவர்களுக்கு அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று எப்படிக் கிடைத்தது? அவர்களை எப்படி ரிமாண்ட் செய்தார்கள்? விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டின் அறிக்கையில் ஒரு விவரம் வந்தது, காவல் நிலைய சிசிடிவியின் ஹார்டு டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி செட்டிங்ஸ் வைத்திருந்தார்களாம். என்னைக் கேட்டால் இந்த ஒரு விவரம்தான் மொத்தக் கதையிலேயே முதுகு சில்லிடுகிற இடம், ஆள் மாறினாலும் அந்த செட்டிங்ஸ் அங்கேயே இருக்கும். ஆனால் ஒரு செட்டிங்ஸ் மெனுவுக்கு எந்த பிஜிஎம்மைப் போடுவீர்கள்? கைது செய்பவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று 1996இலேயே டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது, காவலில் உள்ளவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது உட்பட. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்து போட்டது, அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010இல் மக்களவையில் நிறைவேறி, அதற்குப் பிறகு காலாவதியானது. இவற்றுக்கெல்லாம் நாற்பது செகண்டில் இடமில்லை, இடம் கொடுத்தாலும் யாரும் நிற்க மாட்டார்கள் என்று எடிட்டருக்குத் தெரியும்.

அதே 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லையென்றால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாத்தான்குளத்துக்காகக் கொதித்தவர்களில் எத்தனை பேரின் ஃபீடில் அது வந்திருக்கும்? ஜூனில் ஃபீடு முழுக்க ஓடிய கேள்விக்கு டிசம்பரில் ஒரு பதில் வந்தது, அப்போது கேட்டவர் யாரும் அங்கே இல்லை.

கவனம் இப்படி ஏறி இறங்குவது ஷார்ட்ஸ் கண்டுபிடித்த புது நோய் ஒன்றும் இல்லை. 1972இலேயே ஆன்டனி டவுன்ஸ் என்கிற பொருளாதார அறிஞர் சுற்றுச்சூழல் பற்றிய பொதுமக்களின் அக்கறையை வைத்து இதை ஐந்து கட்டமாக எழுதினார். பிரச்சினை யாருக்கும் தெரியாமல் கிடக்கும், திடீரென்று தெரிந்து எல்லோரும் பதறுவார்கள், சரிசெய்ய எவ்வளவு செலவும் இழப்பும் ஆகும் என்று மெல்லப் புரியும், அங்கேதான் ஆர்வம் வற்ற ஆரம்பிக்கும், கடைசியில் பிரச்சினை அப்படியே இருக்க கவனம் மட்டும் போய்விடும். இதில் மூன்றாவது கட்டம் முக்கியம். இது சும்மா தீராது, நமக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று உறைக்கிற கட்டம். குறும்வீடியோ அந்தக் கட்டத்துக்கே நம்மை விடுவதில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது கட்டத்துப் பதற்றத்தில் கைது செய்தியைக் கொடுத்து நேராக ஐந்தாவதுக்கு அனுப்பிவிடுகிறது. மாவுக்கட்டுக்குச் சிரிக்கிற நாமும் இந்த அமைப்பில் ஒரு துண்டு என்று உறைப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

சுழற்சியின் வேகமும் கூடியிருக்கிறது. நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் 2019இல் வந்த ஒரு ஆய்வு, ட்விட்டரில் உலக அளவில் முதல் 50 இடத்துக்குள் வந்த ஹேஷ்டேக்குகள் அங்கே எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தன என்று பார்த்தது. 2013இல் சராசரியாக 17.5 மணி நேரம், 2016இல் 11.9 மணி நேரம். ஷார்ட்ஸும் ரீல்ஸும் வருவதற்கு முந்தைய கணக்கு இது.

கோபம் ஏறுவதற்கும் தனிக் கணக்கு உண்டு. அறமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு ட்வீட் பரவுவதை ஏறக்குறைய 20 சதவீதம் கூட்டுவதாக 2017இல் ஒரு ஆய்வு காட்டியது. கேப்ஷன் எழுதுகிறவர்கள் ஆய்வு படிக்க வேண்டியதில்லை, வியூஸ் எண்ணிக்கையே பாடம் நடத்திவிடும். 'பகீர்', 'பதறவைக்கும்', 'நெஞ்சை உலுக்கும்' எல்லாம் அப்படி வந்தவைதான். தொல்லை என்னவென்றால் பூனை மாடியிலிருந்து விழுந்ததும் பகீர், காவல் நிலையத்தில் ஆள் செத்ததும் பகீர். ஒரே எழுத்துரு, ஒரே மஞ்சள் நிறம், அடுத்த ஸ்வைப்பில் சாம்பார் ரெசிபி. கோபப்பட்ட மனசு எங்கேயும் போய் உட்காருவதற்குள் தாளிப்புச் சத்தம் கேட்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய காரணம் இது எதுவும் இல்லை. நீதிமன்றத்துக்குப் போன பிறகு அந்தக் கதையில் காட்ட ஒரு காட்சியும் இல்லை. சம்பவத்துக்கு சிசிடிவி உண்டு, போராட்டத்துக்கு ட்ரோன் ஷாட் உண்டு, கைதுக்கு முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறும் காட்சி உண்டு. விசாரணைக்கு என்ன உண்டு? சாட்சி வரவில்லை, வாய்தா. வக்கீல் வரவில்லை, வாய்தா. உயர் நீதிமன்றம் காலக்கெடு கொடுக்கும், கீழ் நீதிமன்றம் நீட்டிப்பு கேட்கும். சாத்தான்குளம் வழக்கில் இப்படிப் பல தடவை நடந்தது. வீடியோவாகப் போட ஒரு செகண்ட் காட்சியும் இல்லாத இந்த ஆண்டுகளில்தான் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் தீர்மானமாகிறது. ஷார்ட்ஸ் வழியாக மட்டும் செய்தி பார்க்கிறவருக்கு அந்தக் காலம் முழுக்கக் கருப்புத் திரை, தீர்ப்பு வருகிற அன்று "நினைவிருக்கிறதா?" என்று ஒரு ரீல் வரும்.

இன்னொரு வழியிலும் கோபம் ஆறும், அது ஆறுகிற மாதிரியே தெரியாது. சட்டகம் நடுவழியில் நகர்ந்துவிடும். அந்தப் பாடகியின் வீடியோவில் மிகைப்படுத்தல் இருக்கிறது, யாரும் நம்ப வேண்டாம் என்று சிபிசிஐடி சொன்னது, அவரும் வீடியோவை நீக்கினார். அதற்குள் பேச்சு எங்கே போயிருந்தது? அவர் சொன்னது சரியா, சொல்ல அவர் யார், ஏன் நீக்கினார் என்று வீடியோவைப் பற்றி வீடியோக்கள். ஜனங்கள் அதே சூட்டோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் காவல் நிலையம் அந்தப் பேச்சை விட்டே போய்விட்டது.

ஐந்து வருடம் கழித்து, 2025 ஜூன் கடைசியில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் இதே படம் மறுபடி ஓடியது. காரிலிருந்து நகை காணாமல் போனதாக ஒரு புகார், கோயில் காவலாளியை சாதாரண உடையில் வந்த தனிப்படை விசாரணைக்குக் கொண்டுபோகிறது, இளைஞர் இறந்துபோகிறார். மறைவிலிருந்து ஒருவர் போனில் எடுத்த சில செகண்ட் அடிக்கிற காட்சி வெளியானது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். ஐந்து காவலர்கள் கைது, முதலமைச்சர் குடும்பத்திடம் போனில் வருத்தம் தெரிவித்தார், வழக்கு சிபிஐக்குப் போனது, எல்லாம் ஒரு வாரத்துக்குள். இங்கேயும் சம்பவத்துக்கு வெளியே ஒரு கேள்வி நின்றது: தனிப்படை என்று இப்படி யார் அமைக்கிறார்கள், அது யாருக்குப் பதில் சொல்லும்? கொஞ்ச நாள் அது பேசப்பட்டது. அதற்குள் புகார் கொடுத்தவரின் பழைய விவகாரங்கள் கிளம்பிவிட்டன, ஷார்ட்ஸ் முழுக்க அதுவே ஓடியது. வில்லி கிடைத்துவிட்டால் தனிப்படையை யார் கேட்பார்கள்? அந்த ஜூலையில் சாத்தான்குளம் வழக்கு மதுரை விசாரணை நீதிமன்றத்தில் இன்னும் முடியாமல் இருந்தது. இரண்டையும் ஒரே நூலில் கோத்துச் சொன்ன செய்தி அச்சில் வந்தது, நீண்ட பேட்டிகளில் வந்தது. என் ஃபீடில் வந்த ஷார்ட்ஸில் இரண்டும் தனித்தனி ஊரின் தனித்தனி சோகம்.

அப்படியானால் கோபத்தைத் தக்கவைக்கவே முடியாதா? வேறொரு இடத்திலிருந்து ஒரு தடயம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியக் குழந்தையின் புகைப்படம் உலகத்தை உலுக்கியது. ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதிகள் நிதிக்கு அந்த வாரம் தினமும் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை, முந்தைய வாரத்தைப் போல நூறு மடங்குக்கு மேல். சில வாரங்களில் அது வடிந்துவிட்டது. உளவியல் ஆய்வாளர் பால் ஸ்லோவிக்கும் மற்றவர்களும் 2017இல் இதை ஆராய்ந்து எழுதியபோது கூடவே இன்னொன்றையும் குறித்தார்கள், அந்தப் பதற்றத்தில் மாதாமாதம் தருவதாகப் பதிவு செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் விலகவில்லை. அது இரக்கம், இது கோபம், இரண்டும் ஒன்றல்ல என்று வாதிடலாம். ஆனாலும் உணர்ச்சி உச்சத்தில் இருந்த அந்த நாட்களில் ஏதோ ஒரு தொடர் வேலையில் பெயர் கொடுத்தவர்கள் மட்டும் நின்றிருக்கிறார்கள், அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம்மால் ஆகிற தொடர் வேலை ஒன்று உண்டு, சலிப்பானது, இலவசம். இந்தியாவில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வருகிற ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்று 16 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் இருக்கிறது. அதை இகோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன தடவை எதற்காகத் தள்ளிப்போனது என்பது வந்துவிடும், எண் தெரியாவிட்டால் நீதிமன்றத்தையும் கட்சிக்காரர் பெயரையும் கொடுத்துத் தேடலாம். சில வழக்குகளில் விவரம் தாமதமாக ஏறும், சில வழக்குகளில் ஒரு வரிதான் இருக்கும். அடுத்த தடவை ஒரு ரீல் பார்த்துக் கொதிக்கும்போது, ஷேர் பட்டனை அழுத்திய கையோடு அந்த ஊர் எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்குக்கு எண் விழ எப்படியும் சில மாதம் ஆகும், போன் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டால் போதும்.